இயல்புநிலை என்பது யாருடைய நிலை?
கணினித் தாய்ப்பலகையின் திறனளவீடு பற்றிய ஒரு நோக்கு

1

அளத்தல் என்பது உழைப்போடு உடன்தோன்றிய செயலாகும். நிலத்தையும் நெல்லையும் நேரத்தையும் அளந்தே மனிதன் தனது சமூக வாழ்வை ஒழுங்கு செய்து வந்துள்ளான். ஆயினும், அளவைகளின் வரலாற்றை உற்று நோக்குவோர்க்கு ஓருண்மை புலப்படாமற் போகாது. ஓர் அளவுகோல் அளக்கப்படும் பொருளைப் பற்றிக் கூறும் அதே வேளையில், அக்கோலை வகுத்தவர் யார் என்பதையும் கூறிவிடுகிறது. நெல்லளந்த மரக்காலுக்குப் பொருந்தும் இவ்வுண்மை இன்றைய கணினிக்கும் பொருந்துமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட வினா.

இலக்கிய ஆய்வினைத் துறையாகக் கொண்ட நாம் கணினியின் தாய்ப்பலகையைப் பற்றி எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். காரணம் எளியது. பதுளை நகரையடுத்த தோட்டமொன்றில் இளைஞர் சிலர் நடத்திவரும் வாசிகசாலைக்கு ஒரு மேசைக் கணினி தேவைப்பட்டது. மலையகத்தில் வெளிவந்து இன்று கிடைத்தற்கரியனவாகிவிட்ட சஞ்சிகைகளை ஒளிவருடிப் பேணுவதும், அவற்றின் எழுத்துகளைத் தேடக்கூடிய பாடமாக மாற்றுவதும் அவர்தம் நோக்கம். நாட்சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தோட்டத்து மக்கள் கொடுத்த பணமே முதல். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது டொலரொன்றின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு மேல் உயர்ந்ததை நாமறிவோம். இறக்குமதிப் பண்டமாகிய கணினிக்கு அதன் சுமை முழுமையாக ஏறியது. எனவே, ஒவ்வொரு ரூபாவையும் எண்ணிச் செலவிட வேண்டிய நிலை.

இளைஞர்கள் முன் இரு தாய்ப்பலகைகள் இருந்தன. பொருத்தவிருந்த செயலி ஒன்றே, நினைவகமும் ஒன்றே. ஆயினும், விலை கூடிய பலகை ‘தொழிற்சாலை அமைப்பிலேயே’ மற்றதைவிட விரைவாக இயங்கும் என்று விற்பனைத் தாள் கூறிற்று. “மூளை ஒன்றுதானே சேர், பலகை மாறினால் வேகம் எப்படி மாறும்?” என்று அவர்களுள் ஒருவர் எம்மிடம் வினவினார். அவ்வினாவுக்கு விடை தேடப்போய் நாம் கற்றவற்றையே இங்கு முறைப்படுத்தித் தருகின்றோம்.

2

முதலிற் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. தாய்ப்பலகை என்பது கணினியின் உறுப்புகள் யாவும் பொருந்தும் மின்சுற்றுப் பலகை. கணக்கிடும் தொழில் செயலியினுடையது. அச்செயலிக்கு வேண்டிய மின்னழுத்தத்தைச் சீர்செய்து வழங்குவதும், நினைவகத்தோடு அதனை இணைப்பதும், எந்த வேகத்தில் எவ்வளவு நேரம் அது இயங்கலாம் என்ற விதிகளைத் தொடக்கத்திலேயே அதற்கு எடுத்துரைப்பதும் தாய்ப்பலகையின் தொழில். அவ்விதிகள் பலகையிலுள்ள பயோஸ் என்னும் சிறு மென்பொருளிற் பதியப்பட்டுள்ளன. வாங்கியவர் எதனையும் மாற்றாதவிடத்து நடைமுறையிலிருக்கும் விதித்தொகுதியே ‘ஸ்டொக்’ அமைப்பு எனப்படுகிறது. இதனை நாம் இயல்புநிலை என்று வழங்குவோம்.

திறனளவீட்டைக் குறிக்கும் ‘பெஞ்ச்மார்க்’ என்ற சொல் நிலமளப்போரிடமிருந்து வந்தது. உயரங்களை ஒப்பிட்டு அளப்பதற்கு ஆதாரமாக, கல்லிலோ பாலத்திலோ அவர்கள் செதுக்கிவைக்கும் கிடைக்கோட்டுக் குறியே அது. 1924இல் பதுளையை வந்தடைந்த புகையிரதப் பாதையில் பயணஞ் செய்வோர், நிலையப் பெயர்ப்பலகைகளில் உயரம் பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பர். அவ்வெண்ணோடு ‘கடல் மட்டத்திலிருந்து’ என்பதும் சேர்த்தே பொருள்கொள்ளப்படுகிறது. அடிமட்டம் எதுவென்று தெரியாவிடின் உயரம் பற்றிய எண்ணுக்குப் பொருளில்லை. கணினித் திறன் பற்றிய எண்ணுக்கும் அதுவே நியதி.

கணினிகளை அளக்கும் முயற்சிக்கு ஓரளவு நீண்ட வரலாறுண்டு. 1972இல் இங்கிலாந்தில் ‘வெட்ஸ்ரோன்’ என்னும் சோதனை நிரல் உருவாயிற்று. அப்பெயர் அந்நாட்டுக் கிராமமொன்றின் பெயர். பின்னக் கணக்குகளை ஒரு கணினி எத்துணை விரைவிற் செய்கின்றது என்பதை அது அளந்தது. 1979இல் ஜக் டொங்கரா முதலானோரின் ‘லின்பாக்’ அளவீடும், 1984இல் ரைன்ஹோல்ட் வைக்கரின் ‘ட்ரைஸ்ரோன்’ அளவீடும் தோன்றின. இச்சிறு நிரல்களிற் கூடிய எண் பெறுவதற்கென்றே மொழிமாற்றி மென்பொருள்களைச் சில உற்பத்தியாளர் வளைத்துக்கொண்டனர். வாங்குவோரின் வேலை விரைவு பெறவில்லை. விளம்பரத்திலுள்ள எண்ணே உயர்ந்தது. இதற்கு மாற்றாக 1988இல் ஸ்பெக் என்னும் கூட்டமைப்பு நிறுவப்பட்டது. அதன் செயலிச் சோதனைகள் ‘அடிநிலை’, ‘உச்சநிலை’ என இருவகைப் பெறுபேறுகளைப் பிரித்து நோக்குகின்றன. எல்லா நிரல்களுக்கும் ஒரே ஒழுங்குவிதியைப் பின்பற்றிப் பெறுவது முன்னையது. ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியே சீர்செய்து பெறுவது பின்னையது. எந்நிலையில் அளக்கப்பட்டது என்பதைக் கூறாது எண்ணை மட்டும் கூறுதல் நேர்மையன்று என்ற ஒப்புதல் இப்பாகுபாட்டில் அடங்கியுள்ளமை மனங்கொள்ளத்தக்கது.

3

இனி, இயல்புநிலை பற்றிய சிக்கலுக்கு வருவோம். எவரும் கைவைக்காத நிலையில் அளப்பதே நடுநிலையான அளவீடு என்பது பொதுவான நம்பிக்கை. மேலோட்டமாக நோக்குமிடத்து இது நியாயமாகவே தோன்றும். ஆனால், இரு பலகைகளின் இயல்புநிலைகளும் ஒன்றேயாகும் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை. வாங்கியவர் கைவைக்கவில்லை என்பதனால் எவருமே கைவைக்கவில்லை என்றாகிவிடாது. உற்பத்தியாளரின் கை முன்னரே அங்கு வைக்கப்பட்டுவிட்டது. அது செயற்படும் இடங்களுள் மூன்றனை இங்கு நோக்கலாம்.

முதலாவது, நினைவகம். உறையில் 3200 என்று பொறிக்கப்பட்ட நினைவகத் தகடு பலவிடங்களில் இயல்புநிலையில் 2133 அல்லது 2400 என்ற வேகத்திலேயே இயங்குகிறது. உறையிலுள்ள எண், 2007இல் இன்ரெல் அறிமுகஞ் செய்த எக்ஸ்எம்பி என்னும் ஏற்பாட்டினை வாங்கியவர் தாமே இயக்கிவிட்டால் மட்டும் கிடைப்பது. காசு கொடுத்து வாங்கிய வேகம் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. திறவுகோல் உள்ளதென்பதே பலருக்குத் தெரியாது.

இரண்டாவது, மின்வலு வரம்பு. ஒரு செயலி நீடித்து இயங்குகையில் எவ்வளவு வலுவை நுகரலாம், குறுகிய நேரத்துக்கு அதனை எவ்வளவு மீறலாம், அக்குறுகிய நேரம் எவ்வளவு என்பவற்றைச் செயலியின் உற்பத்தியாளர் வரையறுக்கின்றனர். ஆனால், பலகையை ஆக்குவோர் அவ்வரம்புகளைத் தம் விருப்பின்படி உயர்த்தி, அதனையே இயல்புநிலை என்று பதிந்துவிட இயலும். 2012 அளவிலேயே, ஒற்றைக் கருவுக்கென வகுக்கப்பட்ட உச்ச வேகத்தில் எல்லாக் கருக்களையும் ஓடவிடும் வழக்கம் சில பலகைகளின் இயல்புநிலையாயிற்று. பின்னர் வந்த பலகைகள் சிலவற்றில் வரம்பு என்ற இடத்தில் 4000 வாற்றுக்கு மேற்பட்ட எண்ணொன்று காணப்பட்டது. எந்த மேசைக் கணினிச் செயலியும் எட்டமுடியாத அவ்வெண்ணின் பொருள், வரம்பே இல்லை என்பதாகும்.

மூன்றாவது இவற்றினும் நுட்பமானது. ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 வகைச் செயலிகள், தாம் நுகரும் மின்னோட்டம் எவ்வளவு என்பதைத் தாய்ப்பலகை தரும் அறிக்கையைக் கொண்டும் கணித்துக்கொள்கின்றன. சில பலகைகள் இவ்வறிக்கையில் உண்மையினும் குறைந்த அளவினையே தெரிவிக்கின்றன என்பதை 2020 ஜூன் மாதத்தில் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்னும் கண்காணிப்பு மென்பொருள் வெளிப்படுத்தியது. தான் குறைவாகவே நுகர்வதாக நம்பும் செயலி மேலும் நுகர்கிறது, வேகமும் சிறிது கூடுகிறது, வெப்பமும் கூடுகிறது. இங்கே வரம்பு மீறப்படவில்லை. வரம்பைக் காக்கவேண்டிய தராசே பொய் சொல்கிறது.

4

தராசு பொய் சொல்லும் என்பது ஊவாத் தோட்டங்களில் எவருக்கும் விளக்கவேண்டிய செய்தியன்று. நாம் மேலே கூறியவற்றை வாசிகசாலையில் எடுத்துரைத்தபோது, கொழுந்து நிறுக்கும் இடத்தைக் கொண்டே இளைஞர்கள் அவற்றைப் புரிந்துகொண்டனர். அவ்வொப்புமை ஆராயத்தக்கது.

ஒரு நாட்பேர் விழுவதற்கு இத்தனை கிலோகிராம் கொழுந்து என்று தோட்டம் விதிக்கிறது. பல தோட்டங்களில் 18 கிலோகிராம் என்ற அளவு நெடுநாட் பேசப்பட்டு வந்தது. அதனை எட்டாதவிடத்து அரைப்பேர். கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் நிறையிற் கழிக்கப்படுவதும் உண்டு. கச்சான் காற்று வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் ஊவாத் தேயிலையின் மணம் உலகச் சந்தையில் தனிப்பெயர் பெறுகிறது. அதே வறட்சியிற் கொழுந்து குறைகிறது. பசறையின் சரிவும் அப்புத்தளையின் சரிவும் ஒன்றல்ல; கவ்வாத்து வெட்டி மீண்டும் தளிர்த்த மலையும் முதிர்ந்த மலையும் ஒன்றல்ல. 2021இல் ஊதியச் சபையினூடாக 1000 ரூபா நாட்சம்பளம் நிர்ணயிக்கப்பட்டவிடத்து, பறிக்கவேண்டிய நிறை பற்றிய பிணக்கு தோட்டந்தோறும் எழுந்தமை தற்செயலானதன்று. கூலி என்னும் எண் உயர்ந்ததும், அதற்கு ஆதாரமான அடிமட்டம் போராட்டக் களமாகியது. மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களிற் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் அரைப்பேரும் மீண்டும் மீண்டும் இடம்பெறுவதற்கும் இதுவே காரணமெனலாம். அப்பாடல்கள் அளவை பற்றிய மக்களின் விமர்சனமாகும்.

1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் துண்டுக்கூலி பற்றிய ஓர் இயலை மார்க்ஸ் அமைத்தார். செய்த வேலையின் அளவுக்கே கூலி என்பது நியாயம்போலத் தோன்றும். ஆனால், எவ்வளவு வேலை ‘இயல்பானது’ என்பதை வகுப்பதிலேயே உறவின் உள்ளியல்பு மறைந்திருக்கிறது. அந்நூலின் தொடக்கத்திலேயே, மனிதரிடையேயான உறவு பண்டங்களின் பண்புபோலத் தோற்றங்கொள்ளும் மாயத்தை அவர் விளக்கியுள்ளார். ‘இப்பலகை விரைவானது’ என்ற கூற்றும் அத்தகைய தோற்றமே. பலகையின் பண்பாகக் காட்டப்படும் அவ்வெண், உற்பத்தியாளரிடையேயான போட்டி, விமர்சகரின் அட்டவணை, வாங்குவோரின் அறியாமை ஆகியவற்றின் உறவிலிருந்து பிறக்கிறது. அட்டவணையில் நூற்றுக்கு இரண்டோ மூன்றோ முந்திநிற்றல் விற்பனைக்கு உதவுமாதலால், இயல்புநிலையே போட்டியின் ஆயுதமாகியது.

இவ்வொப்புமையை எல்லை கடந்து நீட்டுதல் தகாது. இயந்திரத்துக்கு முதுகு நோவதில்லை. மழையில் அட்டை கடிப்பதில்லை. மனித உழைப்பையும் சிலிக்கன் சில்லையும் ஒரு தட்டில் வைப்பது எமது கருத்தன்று. அளவையை வகுக்கும் உரிமை, அளவையின் பெறுபேற்றால் இலாபமடைவோரிடமே இருக்குமாயின் என்ன நேரும் என்பதில் மாத்திரமே இரண்டும் ஒத்துள்ளன.

5

என்ன நேரும் என்பதற்கு அண்மைக்கால உதாரணமொன்று உண்டு. 2022இல் வெளிவந்த இன்ரெல் கோர் ஐ9-13900கே செயலிக்கு அடிப்படை வலு 125 வாற்று, உச்ச வலு 253 வாற்று என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அவ்வரம்புகளை இயல்புநிலையிலேயே தளர்த்திய பலகைகளிற் பொருத்தப்பட்ட இச்செயலிகள் அளவீட்டு அட்டவணைகளில் மேல்நிலை பெற்றன. 2024இன் தொடக்கத்தில் இன்ரெலின் 13ஆம், 14ஆம் தலைமுறைச் செயலிகள் பல நிலைகுலைந்து, நிரல்கள் இடைநடுவில் வீழ்கின்றன என்ற முறைப்பாடுகள் பெருகின. அவ்வாண்டு ஏப்ரலில் பலகை உற்பத்தியாளர் சிலர் வரம்புகளை மீட்கும் புதிய அமைப்பினை பயோஸில் வெளியிட்டனர். பின்னர் ‘இன்ரெல் இயல்பு அமைப்பு’ என்றே தனிப்பெயருடன் ஒன்று வகுக்கப்பட்டது. எங்கும் இருப்பதாக எல்லோரும் எண்ணியிருந்த இயல்புநிலைக்கு, அதனை மீட்பதற்கென ஒரு பெயர் சூட்டவேண்டி வந்தமை கவனிக்கத்தக்கது.

குற்றம் பலகைகளுடையது மட்டுமன்று என்பதையும் இங்கு கூறுதல் வேண்டும். செயலியினுள் அமைந்த நுண்நிரலின் பிழையால் அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தம் கோரப்பட்டதை 2024 ஜூலையில் இன்ரெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டிலும் செப்டெம்பரிலும் திருத்தங்கள் வெளிவந்தன. உத்தரவாதக் காலமும் இரண்டாண்டுகள் நீட்டப்பட்டது. ஆயினும், ஏற்கெனவே தேய்ந்துவிட்ட சில்லினைத் திருத்தம் மீட்டுத் தராது. திருத்தத்தின் பின் வரம்புக்குட்பட்டு இயங்கிய பலகைகளிற் பல, முன்பு விளம்பரப்படுத்தப்பட்ட எண்ணை எட்டவில்லை. எவர் எந்த எண்ணுக்கு விலை கொடுத்தார் என்ற வினா எஞ்சிநிற்கிறது. உத்தரவாதமற்ற பழைய உறுப்புகளை வாங்கும் தோட்டத்து வாசிகசாலை போன்றவற்றுக்கு அவ்வினா மேலும் கூர்மையானது.

6

அவ்வாறாயின் இயல்புநிலையில் அளத்தல் பயனற்றதா? அன்று. பெரும்பாலானோர் தம் கணினியை அந்நிலையிலேயே பயன்படுத்துகின்றனர் ஆதலின், அவர்கள் நடைமுறையிற் பெறுவது என்ன என்பதை அறிய அதுவே வழி. செய்யத்தக்கது, இயல்புநிலையைத் திறந்து வாசித்து, எண்ணின் பக்கத்தில் எழுதிவைப்பதாகும். பதுளைக் கடையொன்றின் உரிமையாளர் அரைநாள் இரு பலகைகளையும் சோதிக்க இடந்தந்தபோது, நாம் பின்பற்றிய ஒழுங்கினை ஏனையோருக்கும் பயன்படுமென்பதால் இங்கு தருகின்றோம்.

முதலிற் பலகையிலுள்ள நாணயவடிவ மின்கலத்தைச் சிறிது நேரம் கழற்றிப் பொருத்தி, முன்னிருந்த மாற்றங்களை அழித்தோம். பின்னர் பயோஸ் திரையில் இயல்பு அமைப்பினை ஏற்றினோம். அதற்குப் பல பலகைகள் இட்டிருக்கும் பெயர் ‘உகந்த இயல்புநிலை’ என்பது. எவருக்கு உகந்தது என்பதைத் திரை கூறுவதில்லை. நினைவக வேகம், நீடித்த வலு வரம்பு, குறுகியகால வலு வரம்பு, அதன் நேரம், பயோஸின் பதிப்பெண் ஆகிய ஐந்தினையும் தாளில் எழுதிக்கொண்டோம். ஒரே செயலி, ஒரே விசிறி, ஒரே மின்வழங்கி, ஒரே இரட்டை நினைவகத் தகடுகள் என்பவற்றை இரு பலகைகளிலும் மாற்றி மாற்றிப் பொருத்தினோம். அறையின் வெப்பநிலையையும் குறித்தோம். பதுளையின் நண்பகலும் அப்புத்தளையின் இரவும் ஒரே பெறுபேற்றைத் தருமென எதிர்பார்த்தல் கூடாது.

அளவீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் இருவகைச் சோதனைகளைத் தெரிந்தோம். 7-சிப் மென்பொருளில் உள்ளமைந்த சோதனை ஒன்று. பத்து நிமிடம் இடைவிடாது ஓடும் சினிபெஞ்ச் ஆர்23 மற்றொன்று. நீண்ட சோதனை இன்றியமையாதது. தொடக்கத்துச் சில பத்துச் செக்கன்களில் எந்தப் பலகையும் வீரம் பேசும். வரம்பு தொழிற்படுவது அதன் பின்னரே. ஒவ்வொன்றையும் நான்கு முறை ஓட்டி, முதலாவதைத் தள்ளி, எஞ்சிய மூன்றின் நடுவெண்ணைக் கொண்டோம். இறுதியாக, எமது சொந்த வேலையையே அளவுகோலாக்கினோம். தமிழெழுத்துகளை இனங்காணும் டெசராக்ட் என்னும் திறந்த மென்பொருளைக் கொண்டு, பழைய சஞ்சிகையொன்றின் நூறு பக்கங்களைப் பாடமாக்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தோம்.

விடை தாளிலேயே இருந்தது. 65 வாற்று என்று குறிக்கப்பட்ட எமது செயலிக்கு மலிவான பலகை அவ்வரம்பினையே விதித்திருந்தது. விலை கூடிய பலகையோ வரம்பினைத் திறந்துவிட்டிருந்தது. நீண்ட சோதனையில் பின்னது முந்தியமை உண்மையே. ஆனால், அதன் வரம்பினையும் 65 வாற்றுக்கு இறக்கி மீண்டும் அளந்தபோது, இரண்டுக்குமிடையே எஞ்சிய வேறுபாடு ஒரே பலகை இருமுறை ஓடுகையிற் காணும் வேறுபாட்டினும் கூடியதாயில்லை. விற்பனைத் தாள் ‘பலகையின் வேகம்’ என்று விலை கூறியது, பெரும்பாலும் கூடுதலாக எரிக்கப்பட்ட மின்சாரத்தின் வேகமாகும். அம்மின்சாரத்தின் கட்டணம் வாசிகசாலையினது. வெப்பத்தால் வரும் தேய்வும் வாசிகசாலையினது. விலை கூடிய பலகையின் மின்னழுத்தச் சீராக்கிகள் வலியவை என்பதை நாம் மறுக்கவில்லை. இரவு பகலாகக் கனத்த வேலை செய்வோர்க்கு அது தகுந்ததாகலாம். பக்கம் வருடிப் பாடமாக்கும் வேலைக்கு அது வேண்டியதில்லை.

இளைஞர்கள் மலிவான பலகையை வாங்கினர். மிஞ்சிய பணத்தில், மின்தடையின்போது வேலையைக் காக்கும் சேமக்கல வழங்கியொன்றையும் வாங்கினர். 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியதை அவர்கள் மறந்திருக்கவில்லை.

7

இதுகாறும் கூறியவற்றால், இயல்புநிலை என்பது இயற்கையன்று, ஒருவர் எடுத்த தீர்மானம் என்பது பெறப்படும். அத்தீர்மானம் வாசிக்கத்தக்கது, ஆதலின் மாற்றத்தக்கது. அளவீட்டை நிராகரிப்பது இதற்குரிய விடையாகாது. அளவீடின்றி விளம்பரத்தின் வாய்ச்சொல்லே எஞ்சும். எண்ணை அதன் நிபந்தனைகளோடு சேர்த்துக் கூறுமாறு வற்புறுத்துவதும், இயன்றவிடத்து அளவுகோலைத் தம் கையிலெடுப்பதுமே அறிவியல் நெறி.

அந்த வாசிகசாலையின் சுவரில் இன்று ஒரு தாள் ஒட்டப்பட்டுள்ளது. கணினி பெற்ற எண்களும், அருகே அவை பெறப்பட்ட நிபந்தனைகளும் அதில் எழுதப்பட்டுள்ளன. வேலை முடிந்து அங்கு வந்த கொழுந்தெடுக்கும் பெண்ணொருவர் அதனை வாசித்துவிட்டு, “மடுவத்துத் தராசுக்குப் பக்கத்திலயும் இப்படி ஒரு தாள் ஒட்டலாமே” என்றார். கணினியைப் பற்றி நாம் எழுத எண்ணியது இதுவே.